காலில் எடுத்த குழாய் கடைசி வரை உழைக்க...

நான் காட்டாங்குளத்தூரில் வசிக்கும் குடும்பத் தலைவி. பத்தாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன். கணவருக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. எங்களோடு மாமியாரும் இருக்கிறார். அவருக்கு 2022-ம் வருடம் தை மாதம் இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு நான் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்ட விஷயங்கள், உங்கள் வீட்டிலும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

"ஆபரேஷன் முடிஞ்சு போச்சு, அடைப்பை எடுத்தாச்சு, இனிமே பயமில்லை." பைபாஸ் செய்த வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். எங்கள் வீட்டுக்கு ஆர்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். ஆனால் பைபாஸில் அடைப்பை எடுப்பதில்லை! அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டி இரத்தம் போக ஒரு மாற்றுப் பாதை போடுகிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு இடத்தில் மறியல் என்றால் ஊருக்குள் புகுந்து அடுத்த பக்கம் வெளியே வருகிறோம் அல்லவா, அது போல. அந்த மாற்றுப் பாதையும் ஒருநாள் அடைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் நம்மில் பலர் யோசிப்பதே இல்லை.

கால் நரம்பா, இரத்தக் குழாயா?

"கால் நரம்பை எடுத்து நெஞ்சுல வெச்சாங்க" என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது நரம்பு இல்லை. அசுத்த இரத்தத்தை மேலே கொண்டு போகும் குழாய். என் நாத்தனார் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் ஒருநாள் எனக்குப் புரியும்படி விளக்கினாள்.

"அத்தை, தோட்டத்துக்குத் தண்ணி விடுற லேசான டியூப் இருக்கில்ல, அதைக் கொண்டு போய் மேல்தொட்டிக்கு ஏத்துற மோட்டாருல மாட்டினா என்ன ஆகும்? அதான் இங்கேயும். காலுல இருக்கும்போது அந்தக் குழாயில இரத்தம் மெதுவாத்தான் போகும், அழுத்தமே கிடையாது. அதைக் கொண்டு போய் இதயத்துல தைச்ச உடனே முழு அழுத்தமும் அது மேல விழுது. அதைத் தாங்குறதுக்காகக் குழாயோட உள்பக்கச் சுவர் தடிச்சுக்கும். தடிச்ச இடத்துல கொழுப்பு போய் உட்காரும்."

கால் குழாய்க்குள் இரத்தம் கீழே இறங்கிவிடாமல் இருக்கச் சின்னச் சின்னக் கதவுகள் போல வால்வுகள் உண்டாம். அவை வழியை மறிக்கக் கூடாது என்பதற்காக அந்தக் குழாயைத் தலைகீழாகத் திருப்பித் தைக்கிறார்களாம்! கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

இந்தக் குழாய் கெட்டுப் போவது மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் மாதத்தில் இரத்தம் உறைந்து அடைக்கலாம். அடுத்த ஒரு வருடத்தில் உள்சுவர் தடித்து வழி சுருங்கலாம். அதற்கும் பிறகு கொழுப்பு படிந்து, முதலில் இதயத்தில் வந்த அதே வியாதி புதுக் குழாயிலும் வரலாம். முதல் வருடத்திலேயே பத்துக் கால் குழாய்களில் ஒன்றிரண்டு அடைத்துவிடுகிறது என்றும், பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதி அடைத்துவிடுகிறது அல்லது பழுதாகிவிடுகிறது என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தில் ஓடும் சுத்த இரத்தக் குழாய் அப்படியில்லை. அது பிறந்ததிலிருந்தே அழுத்தத்துக்குப் பழகியது. பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கிறதாம். அதனால்தான் இதயத்தின் முக்கியமான குழாய்க்கு நெஞ்சுக் குழாயையும், மற்றவற்றுக்குக் கால் குழாயையும் பெரும்பாலும் வைக்கிறார்கள். என் மாமியாருக்கு நெஞ்சிலிருந்து ஒன்று, காலிலிருந்து இரண்டு.

பெரம்பூரில் தொடங்கிய கதை

1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் வேலை பார்த்த ரெனே பவலோரோ என்ற அர்ஜென்டினா நாட்டு மருத்துவர்தான் கால் குழாயை வைத்துச் செய்யும் பைபாஸை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நம் நாட்டில் 1975-ல் முதல் பைபாஸைச் செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். எங்கே தெரியுமா? நம் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்! தினமும் தாம்பரம் வண்டியில் போய் வரும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவர் 2025 ஜனவரியில் காலமானார்.

வசதி இல்லாதவர்களுக்குத்தான் குழாய் மறுபடி அடைக்கும் என்று நினைக்க வேண்டாம். நம் முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்குக்கு 1990-ல் இங்கிலாந்தில் பைபாஸ் நடந்தது. பிறகு மறுபடியும் அடைப்பு வந்து, 2009 ஜனவரியில், 76-வது வயதில், டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இரண்டாவது பைபாஸ் செய்தார்கள். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி பில் கிளிண்டனுக்கு 2004-ல் நான்கு குழாய்கள் வைத்தார்கள். 2010 பிப்ரவரியில் அதில் ஒன்று அடைத்து, இரண்டு ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தது. ராஜ வைத்தியம் பார்த்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! அதே சமயம் ஒரு ஆறுதலும் உண்டு. இரண்டாவது பைபாஸுக்குப் பிறகு மன்மோகன் சிங் மீண்டும் பிரதமராகி ஐந்து வருடம் நாட்டை ஆண்டார். 2024 டிசம்பரில் மறைந்தபோது அவருக்கு வயது 92. குழாய் அடைத்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. நேரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மஞ்சப்பையில் இருந்த பணம்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாவது மாதம் மாமியாருக்கு இரத்தப் பரிசோதனை செய்தபோது கெட்ட கொழுப்பு 68 இருந்தது. "அருமை, இப்படியே இருங்க" என்றார் டாக்டர். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் 141! டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களாம்மா?"

"சாப்பிடறேனுங்க."

"மெடிக்கல் ஷாப் பில் இருந்தா அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க."

மாத்திரை வாங்குவது மாமியாரின் பொறுப்பு. ரேஷன் கடைக்குப் போகும்போது தாமே வாங்கி வந்துவிடுவார். அந்தச் சின்ன நடை அவருக்குப் பிடிக்கும். வீட்டுக்கு வந்து பில்களை அடுக்கிப் பார்த்தோம். மாதம் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒன்றுதான் இருந்தது. என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. மாமியார் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பீரோவிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்து மகன் முன்னால் வைத்தார். உள்ளே நூறும் ஐம்பதுமாக 4,300 ரூபாய்.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு. தினமும் எதுக்குன்னு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன். பாப்பாவுக்கு வர்ற வருஷம் பீஸ் கட்டணும்ல? நீ ஒருத்தன் சம்பாத்தியம்" என்றார்.

கோபப்பட்ட மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் அழுதுவிட்டேன். சகோதரிகளே, இது என் மாமியார் ஒருவர் கதை மட்டும்தானா? வீட்டில் ஆண்களுக்கு மாத்திரை என்றால் தண்ணீரோடு கையில் கொண்டு போய்க் கொடுக்கிறோம். பெண்களுக்கு மாத்திரை என்றால் முதலில் அதில்தான் சிக்கனம் பிடிக்கிறோம். தன் நோய்க்குச் செலவு செய்வதை வீட்டுக்குச் செய்யும் துரோகம் போலவே நம் பெண்கள் நினைக்கிறார்கள்.

பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சுக் குழாயும் ஒரு கால் குழாயும் நன்றாக இருந்தன. இன்னொரு கால் குழாயில் பாதிக்கும் மேல் சுருக்கம். "மாத்திரையை விட்டதால மட்டும்தான் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஒழுங்கா சாப்பிடறவங்களுக்கும் வரும். ஆனா மாத்திரை இல்லைன்னா சீக்கிரம் வரும்" என்றார் டாக்டர். இப்போதைக்கு மருந்திலேயே வைத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

எந்த மாத்திரை எதற்கு?

காரணம் தெரிந்தால்தான் மனசு வந்து சாப்பிடுவார்கள். அதனால் நாத்தனார் மகளை உட்கார வைத்து மாமியாருக்கே சொல்லச் சொன்னேன்.

ஆஸ்பிரின், இரத்தம் உறைந்து குழாயை அடைக்காமல் காப்பது. அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரத்திலேயே தொடங்குகிறார்கள். பெரும்பாலும் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். சிலருக்கு முதல் வருடம் இன்னொரு மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள். வயிறு எரிகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது. நாமாக நிறுத்தக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும், "இரத்தம் நிக்காது" என்று யாரோ சொன்னார்கள் என நிறுத்தாமல், இதய டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் வேண்டாம். அவற்றில் சில, ஆஸ்பிரின் செய்யும் வேலையைக் கெடுத்துவிடும்.

கொழுப்பு மாத்திரை, குழாயின் உட்சுவரைக் காப்பது. பைபாஸ் செய்த 1,351 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1997-ல் வெளியானது. கெட்ட கொழுப்பை நன்றாகக் குறைத்தவர்களுக்கு 100-க்கு 27 கால் குழாய்களில் நோய் முற்றியது. ஓரளவு மட்டும் குறைத்தவர்களுக்கு 100-க்கு 39. இன்று டாக்டர்கள் இன்னும் கண்டிப்பு. கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே இருக்கட்டும் என்கிறார்கள். "கொழுப்புதான் குறைஞ்சு போச்சே, இனி மாத்திரை எதுக்கு?" என்று கேட்காதீர்கள். மாத்திரையால்தான் குறைந்திருக்கிறது! கை கால் சதை வலித்தால் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள்.

இவற்றோடு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் டாக்டர் சொன்ன அளவுக்குள் நிற்க வேண்டும்.

விரதமும் ஒரு தடையாக இருந்தது. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி என்றால் மாமியார் பச்சைத் தண்ணீர்கூட யோசித்துத்தான் குடிப்பார். "அத்தை, மருந்து சாப்பாட்டுல சேராது. ஆபத்துக்குப் பாவமில்லைன்னு நீங்கதானே சொல்வீங்க" என்றேன். டாக்டரும் முழுப் பட்டினி கூடாது, பாலும் பழமும் எடுத்துக்கொண்டு மாத்திரையைப் போட்டுவிடுங்கள் என்றார். இப்போது விரதமும் நடக்கிறது, மாத்திரையும் நடக்கிறது.

செலவுக்கு என்ன வழி?

மாமியார் மிச்சம் பிடித்த காரணத்துக்கும் விடை தேட வேண்டும் அல்லவா? அரசு மருத்துவமனைகளில் தொற்றா நோய்ப் பிரிவு என்று இருக்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை அங்கே இலவசமாக வாங்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துகொண்டால் இந்த இரண்டுக்கும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். மற்ற மாத்திரைகளுக்கு மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும், மருந்து அதேதான். மாற்றும்போது மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை காட்டிவிடுங்கள். எங்களுக்கு இப்போது மாதச் செலவு நன்றாகக் குறைந்துவிட்டது.

சமையலறையில் நம் பங்கு

உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் 750 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப் பலகாரத்தில் வருவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். உப்பு பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்தேன். ஒரு கிலோ ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிட்டால் கை தாராளம் என்று தெரிந்துவிடும்! எண்ணெயும் அப்படித்தான். ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் போகாமல் பார்க்கிறேன். வடை சுட்ட எண்ணெயில் மறுநாள் அப்பளம் பொரிப்பதை நிறுத்திவிட்டேன்.

காலில் குழாய் எடுத்த இடத்தையும் மறக்கக் கூடாது. அந்தக் கால் சில மாதம் வீங்கும். உட்காரும்போது முக்காலி போட்டுத் தூக்கி வைக்கலாம். நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், மாவுப் பாத்திரம், பேரக்குழந்தை எதையும் தூக்க விடாதீர்கள். ஆண்களுக்கு ஓய்வு தருகிறவர்கள், பெண் நோயாளியைப் பத்தாம் நாளே அடுப்படியில் நிற்க வைத்துவிடுகிறார்கள். காயம் ஆறிய பிறகு தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். எங்கள் பக்கம் மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் நடக்க முடியாது. மாமியாருக்கு மொட்டை மாடிதான் மைதானம்.

புகை, இந்தக் குழாய்களுக்குப் பரம எதிரி. நோயாளி குடித்தாலும் கெடுதல், பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர் குடித்தாலும் கெடுதல். என் கொழுந்தனார் வந்தால் திண்ணையில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார். "தம்பி, அம்மாவுக்கு ஆகாது, கேட்டுக்கு வெளியே போய்டுங்க" என்று சொல்லிவிட்டேன். முதலில் கோபித்துக்கொண்டார். இப்போது வெளியே போகிறார்.

அஞ்சறைப் பெட்டியில் மாத்திரை

மறக்காமல் சாப்பிட ஒரு யோசனை செய்தேன். பரணில் பழைய அஞ்சறைப் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஏழு கிண்ணங்கள்; வாரத்துக்கும் ஏழு நாள்! கழுவி நன்றாகக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் கிழமை எழுதி ஒட்டினேன். மாத்திரையை உரித்துப் போடாமல் அட்டையோடு கத்தரித்துப் போடுகிறோம், அப்போதுதான் ஈரம் படாது. இரவு மாத்திரையை மட்டும் காகிதத்தில் மடித்து வைக்கிறோம். ஞாயிறு மாலை நிரப்புவது என் மகள் வேலை. கிண்ணம் காலியா என்று பார்ப்பது என் வேலை. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் பைபாஸ் செய்யப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "நெஞ்சிலிருந்து எத்தனை, காலிலிருந்து எத்தனை குழாய் வைக்கப் போறீங்க? கையிலிருந்து எடுக்க முடியுமா?" கால் குழாயைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து, அதிகம் தொடாமல் எடுக்கும் முறை ஒன்று சுவீடனில் தொடங்கியது. அப்படி எடுத்தால் குழாய் நீண்ட நாள் உழைக்கும் என்கிறார்கள். காலில் காயம் ஆறத்தான் கொஞ்சம் கூடுதல் நாளாகலாம். எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது; ஆனால் கேட்பதில் தப்பில்லையே! வீட்டுக்கு வரும்போது எந்தக் குழாய் எங்கே வைத்தார்கள் என்று எழுதிய காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் அவசரம் என்றால் அந்தக் காகிதம்தான் டாக்டருக்குக் கண்.

கடைசியாக ஒன்று. பைபாஸ் ஆனவருக்கு மறுபடி நெஞ்சில் அழுத்தம், தாடை வலி, கைவலி, நடந்தால் மூச்சு வாங்குவது என்று வந்தால் "வாயுதான், பெருங்காயம் கரைச்சுக் குடி" என்று கை வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். பெண்களுக்குப் பல சமயம் நெஞ்சு வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலுமாகக்கூட வரும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் முதலுதவி மாத்திரைகள் தந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

மாமியாருக்குக் கெட்ட கொழுப்பு இப்போது 62. அந்த 4,300 ரூபாயை என் கணவர் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேற எதுல வேணா சிக்கனம் பண்ணும்மா, இதுல மட்டும் வேணாம்" என்றார். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையை இன்றைக்கே ஒரு தரம் எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே. முக்கியமாக, வீட்டில் இருக்கும் பெண்களின் அட்டையை.

- ஒரு வாசகி, காட்டாங்குளத்தூர்.